விடுப்பில், பாலாற்றுப் பாலத்தில்

காட்பாடி பஸ் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறேன்.
அதில் ஒன்றுமில்லை.

தோஹாவில்
கதவைத் திறந்து வெளியே கால் வைத்தால்
ஆகஸ்ட் மாதக் கடல் முகத்தில் ஒட்டும்.
கண்ணாடி வெளுத்து,
இருபது எண்ணும்வரை ஊரே இருக்காது.
பிறகு ஒவ்வொன்றாய்த் திரும்பும்:
கிரேன், பள்ளிவாசல் விளக்கு,
கறுப்புக் குழாயில் சொட்டுச் சொட்டாய்க் குடிக்கும் பேரீச்சை,
நாற்பத்தோரு மாடி.
அதன் வடக்கு முகத்தை நான்தான் கழுவினேன்,
கயிற்றில் தொங்கி, பதினோரு மாதம்.
உள்ளே ஒருவர் போன் பேசிக்கொண்டே
என் வழியாகக் கடலைப் பார்ப்பார்.

பக்கத்து சீட்டு விரிஞ்சிபுரத்துக்காரர் கேட்கிறார்:
"அங்க குடிக்கத் தண்ணி?"
"கடலைக் காய்ச்சித் தர்றாங்க."
"கடலையா? வறுப்பாங்க. காய்ச்சுவாங்களா?"

கீழே ஆற்றில்
இரண்டாவது ஓவர் நடக்கிறது.
பந்து நாணலுக்குள் போய்விட்டது,
தேடுகிறார்கள்.

பஸ் நகர்கிறது.
கிரீன் சர்க்கிளில் புதுத் துணிக்கடை,
முகப்பெல்லாம் கண்ணாடி.
வடக்கு மூலையில் சோப்பு வழிந்து காய்ந்த தடம்.
எவனோ
கீழிருந்து மேலே துடைத்திருக்கிறான்.