இரவு டேட்டா

தளத்தை முப்பத்தோராம் திகதி மூடுகிறார்களாம்.
என் கணிதப் பாடங்கள் இருநூற்றுப் பதினாறு.
ஒவ்வொன்றாய் இறக்கினால் தீபாவளி தாண்டிவிடும்.
கொட்டகலை ஃபோன் கடை நிரோஜன்
மொத்தமாய் இறக்க ஒரு வழி காட்டினான்.

இரவு டேட்டா பன்னிரண்டிலிருந்து ஏழு வரை.
டொங்கிளை உடுப்புக் கிளிப்பால்
திரைச்சீலையில் மாட்டியிருக்கிறேன்.
அந்த ஒரு சாண் இடத்தில்தான்
லிந்துலைக் கோபுரம் எட்டிப்பார்க்கும்.

நாற்பத்தொன்றில் நின்றது.
கரண்ட் போய் வந்தது.
மறுபடியும் நாற்பத்தொன்று.

விடியும்போது எல்லாம் வந்திருந்தன,
பெயர்களைத் தவிர.
எண்ணும் எழுத்துமாய் நீள நீள வால்கள்.
இருபடிச் சமன்பாடு எது, வட்டத் தேற்றம் எது?
திறந்துதான் பார்க்க வேண்டும்.

தகரத்தில் மழை. கத்திக் கத்திப் படிப்பிக்கிறேன்.
"விளங்குதா பிள்ளைகள்?" என்று கேட்டுவிட்டு
கெமராவைப் பார்த்தபடி நிற்கிறேன்,
ஐந்து விநாடி, ஆறு.
எல்லாப் பாடத்திலும் அப்படித்தான் நிற்கிறேன்.
அதற்கும் சேர்த்துத்தான் டேட்டா போயிருக்கிறது.

அதையெல்லாம் வெட்டினால்
இடம் மிச்சம் டீச்சர், என்கிறான் நிரோஜன்.

வேண்டாம், இருக்கட்டும்.
மேக்கணக்கில் யாராவது ஒருத்தி
இன்னும் யோசித்துக்கொண்டிருப்பாள்.