மீதி 337

ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு பனியன்
என் மேசையில் புரளும்.
ஊசி நுழையும் ஓட்டை, கடுகளவு எண்ணெய்க் கறை,
ஒரு தையல் விட்டுப்போன கழுத்துப்பட்டி,
எதுவானாலும் பக்கத்தில் சிவப்பு அம்பு ஒட்டித்
தள்ளி வைத்துவிடுவேன்.
"வசந்தாமணி பாத்தாச்சுன்னா கண்ண மூடிட்டுப் பெட்டி கட்டீரலாம்"
என்பார் சூப்பர்வைசர்.
அந்தப் பெருமையோடுதான்
குன்னத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

கண்டக்டர் கை நீட்டினார்.
பர்ஸில் ஒற்றை இருபது ரூபாய்.
காலையில் வைத்த ஐந்நூறு?
பையை மடியில் கவிழ்த்தேன்.
அரைக் கிலோ துவரம்பருப்பு, சோப்பு,
பையனுக்கு அட்டை போடப் பழுப்புத் தாள்,
பில் சீட்டு: நூற்று அறுபத்து மூன்று.
மீதி வாங்கிய ஞாபகம்
எந்த விரலிலும் இல்லை.

பெருமாநல்லூர் நால்ரோட்டுக் கடை.
நோட்டை நீட்டும்போதுதான் போன் வந்தது.
சத்தீஸ்கரில் ஏதோ காட்டுக்குள் போர்வண்டி.
தொள்ளாயிரம் அடி ஓட்டியும் புழுதிதானாம்.
முதலாளி அடுத்த பாயிண்டுக்கு
அட்வான்ஸ் வாங்கிவிட்டாராம்.
மாரியம்மனுக்குக் கம்பம் நட்டது தெரியும்,
நோம்பிக்கு வர முடியாது போல,
பையனுக்கு நீயே துணி எடுத்துரு.
செரி என்றேன்.
மற்றதெல்லாம் எஞ்சின் சத்தம்.

முந்நூற்று முப்பத்தேழு.
முக்கால் நாள் கூலி.
ராத்திரி முழுக்க அந்தக் கல்லாப் பெண்ணைத் திருடியாக்கினேன்.
அவள் காதில் கிடந்தது புதுத்தோடு என்பது
பதினோரு மணிக்கு ஞாபகம் வந்தது.
சிரித்ததுகூட ஒரு மாதிரி
என்று பன்னிரண்டு மணிக்கு.
கேமரா இருக்குமல்ல, போட்டுக் காட்டச் சொல்லு,
ஓனரைக் கூப்பிடு,
ஏழைப்பட்டவ காசுன்னா எளக்காரமா?
எல்லாம் மனப்பாடம்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில்
முழுச் சண்டையோடு நுழைந்தேன்.
வாய் திறக்கும் முன்னே
மௌனிகா என்று சட்டையில் பேர் குத்தியிருந்த அந்தப் பெண்
மேசைக்கடியிலிருந்து
ஒரு நீள நோட்டை எடுத்தாள்.

சிவப்பு ஸ்கூட்டி, பின்னால ரெண்டு கொழந்த – 40. அடித்திருந்தது.
ஊத்துக்குளி வெண்ணெய் இல்லீனு கோவிச்சுட்டுப் போனவரு – 12. அடித்திருந்தது.
பேர் தெரீல, மூக்குக்கண்ணாடில ஒரு பக்கம் ஒடசல் – 500.
ஐப்பசியிலிருந்து அடிக்காமலே இருக்கிறது.
அதற்குக் கீழே நான்:

பனியன் கம்பெனி அக்கா. முடீல நூலு.
போன்ல செரி செரின்னு பதினோரு தடவ சொன்னாங்க.
கூப்புடக் கூப்புடக் காதுல உளுகாமப் போயிட்டாங்க – 337.

தலையில் கை வைத்துப் பார்த்தேன்.
இன்றைக்கும் ஒரு வெள்ளை நூல்.

பதினொன்றா?
ஒரே ஒரு தடவை என்றல்லவா நினைத்திருந்தேன்.

"எண்ணிக்கோங்க்கா."
எண்ணினேன், எண்ணியது மனதில் நிற்கவில்லை.
எத்தனை வருசமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்,
அமெரிக்காக்காரனின் அக்குள் தையல்வரை.
என்னைப் புரட்டிப் பார்த்து
ஓட்டை இருக்கும் இடத்துக்கு நேராக
அம்பு ஒட்டியிருக்கிறாள் ஒருத்தி,
வரிசையில் ஆறு பேர் நிற்க,
ஒரு கையால் பருப்பை எடை போட்டுக்கொண்டே.

கையெழுத்துப் போட்டேன்.
தோடு கவரிங்தான். பக்கத்தில் தெரிந்தது.

பொழுதோடு அவர் கூப்பிட்டார்.
சித்திரைக்கும் வண்டி இறங்காது போல என்றார்.
நாக்கு நுனிவரை வந்துவிட்டது பன்னிரண்டாவது.
விழுங்கினேன்.
"எனக்கு இது செரியில்லீங்க" என்றேன்.

எஞ்சின் சத்தத்தில் கேட்டதோ என்னமோ.
"என்ன புள்ள?" என்றார்.
இன்னொரு தடவை சொன்னேன்.