நாற்பது குச்சி

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு, குடியாத்தம்.
வாரத்தில் ஒரே ஓவியப் பீரியடு,
அதிலும் பாதியைக் கணக்கு சார் கேட்டு வாங்கிக்கொள்வார்.

மிஞ்சிய இருபது நிமிடத்தில்
கப்பல் வரையச் சொன்னேன்.
பாய்மரம், கொடி, ஓரத்தில் ஒரு மீன்.
உள்ளே யார் என்றேன்.
ஒருவரும் வரைந்திருக்கவில்லை.

தீப்பெட்டி ஒன்றை இழுத்துத் திறந்தேன்.
இப்படித்தான் படுக்கவைத்தார்கள்
ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துப்போனவர்களை,
தலைமாடு கால்மாடாக,
புரள இடமில்லாமல்.

கட்டை அடுக்கிக் கூலி வாங்கும் அம்மாக்களின் பிள்ளைகள்.
பெட்டிக்கு நாற்பது குச்சி என்று
எண்ணாமலே தெரியும் அவர்களுக்கு.
கோடு கோடாக இழுத்து முடித்தார்கள்.
அஞ்சலா மட்டும் ஒவ்வொரு குச்சிக்கும்
கண் வைத்தாள், மூக்கு வைத்தாள்,
ஒருத்தியின் மருந்துத் தலையில் பூ.
மணி அடித்தபோது நாலு பேர்தான் ஆகியிருந்தது.

அடுத்த வாரம் விடுதலையை வரையச் சொன்னேன்.
முப்பத்தொரு புறா.
அதில் ஒன்று காக்கையாம்,
அவனிடம் கறுப்புக் க்ரேயான்தான் மிச்சம்.

அஞ்சலா வரைந்தது ஒரு தாள்.
மேலே கோபுர முத்திரை,
நடுவே எழுத்துபோல் கிறுக்கல்,
கீழே ஊதா மையில் பெருவிரல் ரேகை.

'ஆர்டிஓ குடுத்த பேப்பரு மிஸ்,
ரைஸ்மில்லுலருந்து எங்கள வெளிய உட்டப்போ.
அப்பா கவர்ல போட்டு
கூரையில செருவி வச்சிருக்காரு.
மழ வந்தா மொதல்ல
அதத்தான் எடுப்போம்.'

மார்க் போட எடுத்த பேனா
மூடி கழற்றியபடியே இருந்தது.
எத்தனை வருஷம் உள்ளே என்று
கேட்க வாய் வரவில்லை.

அவள் போன வாரத் தாளை விரித்து
பென்சிலைச் சீவத் தொடங்கினாள்.
'இன்னும் முப்பத்தாறு பேரு
பாக்கி மிஸ்.'