மூன்று நிமிடம் நாற்பது வினாடி

முதலில் ஒரு தள்ளுவண்டி செய்தேன்.
நான்கு சக்கரம், அதில் ஒன்று கோணல்.
கோணல் சக்கரம் இல்லாத தள்ளுவண்டியை
வின்னிபெக்கில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

பிறகு ஆட்கள்.
எலும்பு வைத்தேன், முழங்கால் மடியும் இடம் குறித்தேன்,
வண்டியின் குழந்தை இருக்கையில்
கால் தொங்க உட்காரவைத்தேன்.
என் படத்தில் வண்டிகள்தான் ஆட்களைத் தள்ளிக்கொண்டு போகும்.
ஆட்கள் கைநீட்டுவார்கள்.
கடைசியில் வண்டிகள் வெண்பனிக்குள் போய் மறையும்.
அவ்வளவுதான் கதை.

நடை மட்டும் வரவில்லை.
வண்டி வந்து ஏற்றும்வரை அவர்கள் நடக்கவேண்டுமே!
எல்லாரும் கழுத்தளவு தண்ணீரில் நடப்பவர்கள்போல் இருந்தார்கள்.

சனிக்கிழமை பேரங்காடிக்குப் போனேன்,
கொப்பியும் பென்சிலுமாக.
சேல் பலகை முன்னால் வேகம் குறையும் கால்,
அத்தர்க் கடை வாசலில் தானாய் நிமிரும் கழுத்து,
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு
தன்னை யாரும் பார்த்தார்களா என்று பார்த்த
ஒரு தகப்பனின் தோள்.
இருபது நிமிடத்தில் காவலாளி வந்தார்.
ஏதாவது வாங்கினீர்களா என்றார்.
வாங்காதவர்களுக்கு
வாங்கில் இடமில்லையாம்.

ஆறு டாலருக்கு ஒரு சோடிக் காலுறை வாங்கினேன்.
உண்மையில் வாங்கியது அதன் பையை.
அடுத்த ஒன்பது சனிக்கிழமையும்
அந்த வெறும் பை மடியில் இருக்க வரைந்தேன்.
காவலாளி தலையசைத்துவிட்டுப் போனார்,
நெற்றியில் திருநீறு இருக்கிறதா என்று
பார்த்துவிட்டுப் போகிறவர்போல.

வாரநாளில் நான் கல்லாவில் நிற்பவள்.
நாளுக்கு இருநூறு தரம் கேட்பேன்,
பாயிண்ட்ஸ் கார்ட் இருக்கிறதா?
படத்தின் ஒரே வசனம் அது.
என் குரலில் நானே பதிந்தேன்.
பதினேழு தரம் முயன்றும் கிண்டலாக வரவில்லை,
அன்பாகவே வந்தது.

கீச்சொலிக்கு, கடைக்குப் பின்னால்,
மைனஸ் முப்பத்தொன்றில்,
மரிவிக் வண்டியைத் தள்ள
போனை நீட்டியபடி பின்னால் ஓடினேன்.
"என் ஷிப்டுக்கு வந்தால் எட்டு மணிநேரமும் கேட்கலாமே"
என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அதன்பின் பேஸ்மென்டில் கணினி இரையத் தொடங்கியது.
ஒரு சட்டகத்துக்குப் பதினொரு நிமிடம்,
வினாடிக்கு இருபத்துநான்கு சட்டகம்.
கூட்டிப் பார்த்தால் நாற்பது நாள்,
ஒரு மண்டலத்துக்கு எட்டு நாள் குறைய.
விரதம் என்றே வைத்துக்கொண்டேன்:
முடியும்வரை இணையத்தில் எதுவும் வாங்குவதில்லை.

பன்னிரண்டாம் நாள் இரவு
ஒரு கிராஃபிக்ஸ் கார்டு,
முப்பது சதவீதக் கழிவு,
இரண்டு மணிநேரம் மட்டும்.
கூடையில் போட்டேன். எடுத்தேன். போட்டேன்.
மவுசை நோக்கிப் போன கையை
எங்கோ கண்டிருக்கிறேன் என்று பட்டது.
எட்டாம் காட்சியில் நான் செய்துவைத்த கை.
விரல் விரியுமுன்னே தோள் முந்துகிற
அதே அவசரம்.

வாங்கினேனா என்று கேட்காதீர்கள்.
படம் இருபத்தைந்தாம் நாளே முடிந்தது.

தேநீர் இடைவேளையில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன்.
இறைச்சிப் பிரிவு டாரில் மேசையைத் தட்டிச் சிரித்தான்.
மேலாளர்கூடச் சிரித்தார்,
அதுதான் கொஞ்சம் உறுத்தியது.
மரிவிக் மட்டும்
கீச்சொலி வந்த இடத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.
முடிந்ததும் கேட்டாள்:
"அவ்வளவு வண்டியும் பனிக்குள் போகுதே,
யார் போய்த் திருப்பிக்கொண்டு வாறது?"

இரவு மறுபடி உட்கார்ந்தேன்.
ஒரு சின்ன உருவம், தடித்த கையுறை,
முதுகை எவ்வளவு வளைப்பது என்றுதான் தெரியவில்லை.
நாளைக்கு அவளைப் பார்த்து வரையவேண்டும்.
பை தேவையில்லை.
ஐந்து வினாடி கூடும்.
புதிய கார்டுக்கு
ஓர் இரவு போதும்.