நுழைவுச்சீட்டு பதினைந்து ரூபாய்

சிப்பிமுனைக் கோட்டைக்கு
வாசல் இருக்கிறது, சுவர் இல்லை.
மாலை ஐந்தரைக்கு வாசலைப் பூட்டுவேன்.
பூட்டி முடிப்பதற்குள்
சுற்றிக்கொண்டு உள்ளே போயிருக்கும்
ஆரோக்கியத்தின் ஆடுகள்.

பலகையில் வரலாறு எழுதியிருந்தது.
முதல் நான்கு வரியைக்
கச்சான் காற்று தின்றுவிட்டது.
மிச்சம் நிற்பது ஒன்றுதான்:
'போரில் அழிந்தது.'

பள்ளிக்கூடப் பையன்கள் பீரங்கி கேட்பார்கள்.
கிழக்கு மூலையில் ஒரு குழி காட்டுவேன்,
குண்டு விழுந்த இடமென்று.
மின்வாரியம்
கம்பம் நட்டுப் பிடுங்கிய குழி அது.

போரெல்லாம் ஒன்றும் வரவில்லை.
கடலுக்குள் வெட்டிய பவளக்கல்லில் கட்டினார்களாம்.
கல்லெல்லாம் தேனடை போல் கண்கள்.
சுட்டால் சுண்ணாம்பு.
அது போதாதா?
காளவாசல் சந்தியாகப்பனுக்கு
மாட்டுவண்டி மூன்று, வெட்டாள் பதினொன்று,
மாதம் ஒரு கொத்தளம்.
மேற்கு மதில் மரக்கால் மரக்காலாய்
தொண்டிச் சந்தைக்குப் போனது.
ராசாவின் கொலுமண்டபத்தை
வெற்றிலையில் தடவி மென்று
வீதி வீதியாய்த் துப்பியிருக்கிறோம்.
எதிரி வந்திருந்தால்கூட
இவ்வளவு சிவந்திருக்காது தரை.

சுடாமல் தப்பிய கல்
பள்ளிவாசல் ஹவுதுக்கு, மாதா கோயில் படிக்கு,
உப்பு ஆபீஸ் அஸ்திவாரத்துக்கு,
எங்கள் வீட்டுக் கக்கூஸுக்கு.
கோட்டை விட்டவர்கள் என்று
எங்களைச் சொல்லவே முடியாது.
ஒரு கல்லையும் விடவில்லை.

பேருந்து நிற்கும் இடத்திலிருந்து
கோட்டை மேலேயே நடந்து வருகிறவர்கள்
இங்கே வந்து என்னிடம் சீட்டு வாங்கி
எட்டிப் பார்த்துவிட்டு
"இவ்வளவுதானா?" என்கிறார்கள்.

போன மாதம் அளக்க வந்த
அதிகாரி நூருல் பஹ்மிதா
ஒவ்வொரு கல்லுக்கும் வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டார்.
நானூற்றுப் பன்னிரண்டு.
ஒன்று குறைந்தாலும் நீதான் பொறுப்பு,
கையெழுத்துப் போடு என்றார்.
போட்டேன்.

நேற்று ஒரு பையன்
கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு நழுவினான்.
அதட்டிப் பிடுங்கினேன்.
327.
உள்ளங்கை அகலம், நினைத்த கனமில்லை.
பூச்சி குடியிருந்த சின்னச் சின்ன வீடுகள்
வரிசை வரிசையாய், ஆளில்லாமல்.
எடுத்த இடத்தில் வைக்கத்தான் போனேன்.
எடுத்த இடம் எதுவென்று
அவனுக்கும் தெரியவில்லை.

வீட்டில் அம்மி
ஒரு பக்கமாய் ஆடிக்கொண்டே இருந்தது
ரொம்ப நாளாய்.
இப்போது ஆடுவதில்லை.
எண் கீழ்ப்பக்கம் இருக்கிறது.