மேட்டுத் தெரு

ஊரின் பெயர் நியூ யவோரெட்ஸ்.
நெப்ராஸ்காவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.
ஜேவரெக் என்கிறார்கள்.
ஒரு ஜகரத்துக்கடியில் யகரம் ஒன்று
மூச்சுமுட்டிக் கிடக்கிறது.
என் குறிப்பேட்டில் ய என்று எழுதுகிறேன்,
அலுவலகக் கோப்பில் ஜ.

வெள்ள வரைபடம் திருத்த கவுண்டி என்னை அனுப்பியது.
விமானம் ஒளியைத் தூவி அளந்துபோன நிலத்தை
காலால் நடந்து சரிபார்க்க வேண்டும்.
தட்டை என்றால் அப்படியொரு தட்டை.
தோசைக்கல்கூட நடுவில் கொஞ்சம் குழியும்.
இதில் தபால் நிலையத்துக்குப் பின்னால்
மேட்டுத் தெரு என்று பச்சைப் பலகை.
கேலிக்கு வைத்தது என்று நினைத்தேன்.

பழைய யவோரெட்ஸ் இப்படியில்லையாம்.
மார்வின் ஹ்லவாட்டி சொன்னார். அவரும் போய்ப் பார்த்ததில்லை.
பொஹீமியாவும் மொராவியாவும் முதுகோடு முதுகு ஒட்டும் மேட்டு நிலம்.
கருங்கல், ஊசியிலைக் காடு,
மே மாதத்திலும் வேலியோரம் அழுக்காய்க் கொஞ்சம் பனி.
வெள்ளிக்காகத் தோண்ட வந்தவர்கள் கட்டிய ஊர்.
வெள்ளி தீர்ந்தது, ஆட்கள் தீரவில்லை.
உருளைக்கிழங்கு போட்டார்கள்,
ஆளிநாரை நெய்தார்கள்,
குளம் வெட்டிக் கெண்டை வளர்த்தார்கள்.
இரண்டு முறை தீ, ஒரு முறை ஸ்வீடன் படை.
எதிலும் சாகாமல் நின்றது தேவாலயக் கூரை.

அதன் வடசரிவில் விழும் மழை
எல்பே நதி பிடித்து வடகடலுக்குப் போகும்.
தென்சரிவின் மழை டான்யூபோடு கருங்கடலுக்கு.
ஓட்டின் முகட்டில்
ஒரு கண்டம் வகிடெடுத்துக்கொள்கிறது.
ஈரப் புறாவொன்று அங்கே உட்கார்ந்து சிறகை உதறினால்
இரண்டு கடலுக்கும் கணக்கு எழுத வேண்டும்.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்கில்
முப்பத்தொரு குடும்பங்கள் கிளம்பி வந்தன.
புல்லை வேரோடு பாளம் பாளமாய் வெட்டிச் சுவர் வைத்தார்கள்.
முதல் குளிரில் நான்கு குழந்தைகள்.
பத்திரப் பதிவும் அந்த ஆண்டில்தான் தொடங்குகிறது,
அதற்கு முன் இங்கே ஆளே இல்லாததுபோல.
ஓடைக்கு மட்டும் ஓட்டோ மக்கள் வைத்த பெயர்.
பறித்தவர்கள் அதை எடுக்க மறந்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள், சங்கக் கட்டடத்தின் வாசலில்
கருவி ஒரு மீட்டர் நாற்பது காட்டியது.
பழுது என்று அணைத்துப் போட்டேன்.
திரும்பவும் நாற்பது.
மார்வின் சிரித்துக்கொண்டே உள்ளே போய்
ஒரு நிகழ்ச்சிக் குறிப்பேட்டைக் கொண்டுவந்தார்.
நூலகத்து டார்லின் குபிச்செக் விரல் வைத்துப் படித்தாள்:

கிறிஸ்துமஸுக்குக் கெண்டை வேண்டும், குளம் வெட்டுவது.
மண்ணை ஒரே இடத்தில் கொட்டுவது.
ஞாயிறுதோறும் வீட்டுக்கு ஒரு தள்ளுவண்டி.
வராதவருக்குப் பத்து சென்ட் அபராதம்.
ஃப்ரான்டிஷெக் ஸெமன், மூன்று முறை வரவில்லை,
இரண்டுக்குத்தான் கட்டினார்.

ஏழு ஆண்டு ஞாயிறுகள்.
பிறகு அந்த மண்மேல் சங்கம்,
முகடு கிழக்கு மேற்காக, அளந்து.

மழை வந்த அன்று இரண்டு தாரைகளின் பின்னாலும் போனேன்.
வடக்குத் தண்ணீர் சோளக்காட்டு வாய்க்காலில்,
தெற்குத் தண்ணீர் ஓடையில்.
பதினோரு மைல் தள்ளி, தானியக் கிடங்கின் பின்புறம்,
டயர் ஒன்று சிக்கிய பாலத்தடியில்
இரண்டும் சேர்ந்துவிட்டன.
பிறகு பிக் ப்ளூ, கேன்சஸ், மிசௌரி, மிசிசிப்பி.
ஒரே கடல்.

படிவம் கேட்கிறது: மேடு இயற்கையா, செயற்கையா.
செயற்கை என்று குறியிட்டேன்.
வரைபடத்தில் அது ஒரு சமவுயரக் கோடு,
சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது.

"சங்கம் வெள்ளக் கோட்டுக்கு வெளியேதானே?" என்றார் மார்வின்.
வெளியே.
"என் வீடு?"
உள்ளே. காப்பீடு ஆண்டுக்கு ஆயிரத்து இருநூறு டாலர்.

கொஞ்ச நேரம் குளத்தையே பார்த்தார்.
"என் அம்மா வழி ஸெமன்," என்றார்.
"அந்த மூன்றாவது பத்து சென்ட்."