எத்தினையாம் ஆண்டு ரீம்?

தீர்மானம் இலக்கம் நான்கு:
பயிற்றுநர் கனகேந்திரன் சேர் அவர்கள்மீது
பழைய மாணவர் சங்கம் முழு நம்பிக்கை கொண்டுள்ளது.
முன்மொழிந்தவர் வைத்தியர் ஞானரூபன்.
வழிமொழிந்தவர் பெயரைப் பிறகு சொல்கிறேன்.
அறுபத்திரண்டு கைகள் எழும்பின.
எண்ணுவது செயலாளர் வேலை.
என் கையையும் சேர்த்தால்தான் அறுபத்திரண்டு.

மண்டபத்தில் மூன்று விசிறியில் ஒன்றுதான் சுற்றியது.
வாற வருஷம் நூற்றாண்டு விழா என்றார் ஒருவர்.
பொடியன்ர தாய் மீன் விக்கிறவள்,
காசுக்குத்தான் நிக்கிறாள் என்றார் இன்னொருவர்.
ஊர்மானம் என்றது ஒரு குரல்.
பற்றீஸ் ஆறுது என்றது பின்வரிசை.
இவை எதுவும் குறிப்பில் இல்லை.

ஒன்றை மறைத்தால் இதுவும் பொய்க்குறிப்பாகிவிடும்.
தொண்ணூற்றெட்டில் கண்டிக்கு ஆடப் போன அன்று
கந்தளாய்ச் சோதனைச் சாவடியில்
எங்களில் ஆறு பேரை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள்.
சேர் தன் அடையாள அட்டையை மேசையில் வைத்தார்.
"இவங்கள் ஏறாமல் நான் ஏறமாட்டன்."
சிங்களத்திலும் சொன்னார்.
மத்தியானம்வரை வெயிலில் நின்றார்.
ஆறு பேரும் ஏறினோம். அந்த ஆறில் நான் ஒருவன்.
மண்டபத்தில் உயர்ந்த என் கை
அவர் மீட்டுத் தந்த கை.

அது உண்மை.
ஒரு உண்மையால் இன்னொன்றைப் போர்த்தி மூடலாமென்று
எனக்கு யார் சொல்லித் தந்தது?

பஸ்ஸில் அவர் தலை எண்ணுவார்.
போகும்போது பதினாறு, வரும்போது பதினாறு.
ஒருமுறை கணக்குச் சரியாக இருந்தும்
சதாகரன் எங்களோடு இல்லை.
ஜன்னலோரம் இருந்தான்.
வீடுவரைக்கும் பூட்ஸைக் கழற்றவேயில்லை.
இறுதிப் போட்டிக்கு இரண்டு கிழமை இருக்க விலகினான்.
அவன் வீட்டு மதிலில் கரிக்கட்டையால்
பயந்தாங்கொள்ளி என்று எழுதினோம்.
பிழையில்லாமல் எழுதக்கூடியவன் என்பதால்
நான்தான் எழுதினேன்.

பந்து வைக்கிற அறைக்கு
உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது.
பந்துக்கு ஏன் உள்தாழ்ப்பாள்?
இத்தனை வருஷமும் இந்தக் கேள்வி வரவில்லை என்றால் பொய்.
வந்தது.
கோட்டைத் தாண்டிப்போன பந்தைப் பார்ப்பதுபோல்
விசிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.
யாரும் ஊதவில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் மீன் சந்தைக்குப் போனேன்.
வேறு இடத்தில் வாங்கியிருக்கலாம்.
கொரட்டி பாரை வெட்டிக்கொண்டிருந்தாள்.
பலகை துடைக்கிற துணியில்
எங்கள் ஊதா, எங்கள் மஞ்சள், அரைவாசி ஒன்பது.
நிறுத்தாள். செதில் எடுத்தாள்.
மிச்சக்காசைச் சதம் பிசகாமல் தந்தாள்.
பிறகு, கத்தியைக் கழுவியபடி:
"நீங்க எத்தினையாம் ஆண்டு ரீம்?"
"தொண்ணூற்றெட்டு."
விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினாள்.
நான் படி இறங்கித் திரும்பிப் பார்த்தபோதும்
எண்ணிக்கொண்டிருந்தாள்.

இரவு குறிப்பேட்டைத் திறந்தேன்.
தெருவில் ஒரு மான்
யாருடைய குப்பைப் பையையோ இழுத்துக்கொண்டு போனது.
உட்துறைமுகத்தில் ஒரு கப்பல் வெளிச்சத்தோடு நின்றது.
வழிமொழிந்தவர்: செயலாளர்.
என் பெயரை வெட்டவில்லை.
வெட்டினால் நான் அங்கே இல்லாததுபோல் ஆகிவிடும்.
கீழே எழுதினேன்:
திருத்தம். அறுபத்தொன்று.
பந்து அறை. உள்தாழ்ப்பாள். நான் பார்த்தது.

அடுத்த வரியில் சதாகரனின் பெயருக்குப் பேனா போனது.
நிறுத்தினேன்.
ஒருமுறை அவனைப்பற்றி எழுதியது போதும்.
ரொறொன்ரோவில் இப்போது பகல்.
மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

பாரை இன்னும் பிறிட்ஜில் கிடக்கிறது.
பொலிஸில் முறைப்பாட்டு மேசைக்கு
ஒன்பது மணிக்கு ஆள் வருமாம்.
எனக்குத் தெரிந்தது ஒரு தாழ்ப்பாள் மட்டும்.
எட்டரைக்கே போய் வாசலில் நிற்கலாம்.